தடித்த எழுத்தில் மூன்று எண்கள்: இனி எங்கே போவது?

அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை. முடிவு ஃபோனுக்கு வந்தபோது நான் கொழும்பின் காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டியில் பஸ் அசையவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கை விரல்களால் பி.டி.எஃப்பைப் பெரிதாக்கினேன். முப்பதுக்கு மேல் எண்கள். அதில் மூன்று மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் கூடுதல் என்பதற்கான ஒரு 'எச்' போட்டு. வெறும் வயிற்றுச் சீனி 108. ஈரல் நொதியமான எஸ்.ஜி.பி.டி. 56. வெள்ளணுக்களில் ஒரு வகையான ஈசினோஃபில் 8 வீதம்.

மனைவிக்கு அனுப்பினேன். அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பஸ் வெள்ளவத்தைக்கு வருவதற்குள் தீர்ப்புகள் வந்து குவிந்துவிட்டன.

"அத்தான், பேசாம இருக்காதீங்கோ, நாளைக்கே ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணுங்கோ" என்றாள் மச்சாள். சனல் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி இலக்கம் எடுத்து டொக்டரைப் பார்ப்பது. "எனக்கு அஞ்சு வருஷமா 110 நிக்குது, நான் என்ன செத்தா போனன்?" என்றார் சகலன். அலுவலக நண்பர் ஒருவர் ஏதோ ஒரு லாப்பின் முழு உடம்புப் பரிசோதனைப் பேக்கேஜை அனுப்பி, இந்த மாதம் கழிவு இருக்கிறது என்றார். மாமி கொவ்வை இலை வறைக்கு ஆயத்தமானார். எனக்கோ, நாளைக் காலையே வேறொரு லாப்பில் திரும்ப ஊசி குத்திப் பார்த்துவிட்டால் என்ன என்று ஓடியது.

ஆக, கையில் இருந்த வழிகள் இவை: சும்மா விடுவது, நானே திரும்ப எடுப்பது, பேக்கேஜ், ஸ்பெஷலிஸ்ட், அரசாங்க ஆஸ்பத்திரி, பக்கத்துத் தெரு டிஸ்பென்சரி டொக்டர், கடைசியாக மாமியின் சமையலறை. இதில் எது எப்போது சரி என்று எனக்குப் பிடிபட ஒன்றரை மாதம் ஆனது. நான் டொக்டர் இல்லை. கணக்குப் பகுதியில் வேலை செய்பவன். எண்களைப் பார்த்துச் சந்தேகப்படுவது மட்டும் என் தொழில்.

முதலில் அந்தத் தடித்த எழுத்தைப் பற்றி. அதைப் போட்டது டொக்டர் இல்லை, லாப்பின் கணினி. ஒரு எல்லை கொடுத்திருக்கிறார்கள், எண் அதைத் தாண்டினால் தடிக்கும். அந்த எல்லையும் பெரும்பாலான டெஸ்ட்களில் எப்படி வருகிறது என்றால், சுகமாக இருக்கும் நிறையப் பேரின் இரத்தத்தைச் சோதித்து, நடுவில் வரும் 95 வீதத்தை 'சாதாரணம்' என்று வகுக்கிறார்கள். மேலே இரண்டரை வீதம், கீழே இரண்டரை வீதம் வெளியே விழும். அப்படி வெளியே விழுந்தவர்களும் சுகமானவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் செய்தால், ஒரு நோயும் இல்லாத ஆளுக்கு எல்லா எண்ணும் எல்லைக்குள் நிற்கும் வாய்ப்பு 36 வீதம் மட்டுமே. மீதி 64 வீதம் பேருக்கு ஏதாவது ஒன்று தடிக்கும். 0.95ஐ இருபது தரம் பெருக்கிப் பாருங்கள், வரும்.

சீனி, கொலஸ்ட்ரோல் போன்றவற்றில் எல்லை வேறு விதம். அங்கே நோய் வரும் ஆபத்தைப் பார்த்துக் குழுக்கள் கூடி வரம்பு வைக்கின்றன. அந்த வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். என் 108ஐ எடுங்கள். 18ஆல் பிரித்தால் 6.0 மில்லிமோல். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 2003 வரை அவர்களும் 110இல்தான் தொடங்கினார்கள், பிறகு 100க்கு இறக்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இன்றைக்கும் 110இல்தான் அந்த நிலை தொடங்குகிறது. ஒரே இரத்தம், ஒரே எண். ஒரு புத்தகத்தில் எனக்குச் சீனி எட்டிப் பார்க்கிறது, மற்றதில் இல்லை. 126 என்றால் இரண்டு புத்தகமும் ஒன்றுதான் சொல்லும். அப்போதும் வேறு அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு தரம் எடுத்து உறுதிப்படுத்தாமல் நீரிழிவு என்று பெயர் வைப்பதில்லை.

ஈசினோஃபில் விடயம் இன்னும் வேடிக்கை. 8 வீதம் தடித்திருந்தது. ஆனால் வீதம் என்பது எதிலிருந்து 8 வீதம் என்று கேட்க வேண்டுமே? என் வெள்ளணு மொத்தம் 6,000. அதில் 8 வீதம் 480. மொத்த எண்ணிக்கையில் 500 வரை சாதாரணம். ஆக வீதத்தில் தடித்தது, எண்ணிக்கையில் தடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒவ்வாமைத் தும்மல், மழைக்காலத்தில் இழுப்பு. ஒவ்வாமை, ஆஸ்துமா, பூச்சி இந்த மூன்றும் ஈசினோஃபிலைக் கூட்டும் வழமையான காரணங்கள். அந்த 'எச்'சை அத்தோடு மறந்துவிட்டேன்.

இனி வழிகள். பேக்கேஜை முதலில் ஒதுக்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் கோபம். மூன்று எண் தடித்ததற்கு மருந்தாக இன்னும் அறுபது எண் வாங்கச் சொல்கிறார்கள். மேலே சொன்ன பெருக்கல் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அறுபதில் என்ன நடக்கும் என்று தெரியும். போதாததற்குப் பல பேக்கேஜ்களில் புற்றுநோய்க் குறியீடுகள் என்று சி.இ.ஏ., சி.ஏ.125 எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். அறிகுறி ஒன்றும் இல்லாத, ஆபத்துக் குறைந்த ஆட்களில் புற்றுநோயைத் தேட அவை உகந்தவை அல்ல. சிகரெட் குடிப்பவருக்கு சி.இ.ஏ. கூடும். மாதவிடாய் நாட்களிலும், கருப்பைக் கட்டிகளிலும், எண்டோமெட்ரியோசிஸிலும் சி.ஏ.125 கூடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு அக்காவுக்கு அது 42 வந்தது, எல்லை 35. ஸ்கேன், திரும்ப ஸ்கேன், பிறகு இன்னொரு டொக்டர். இரண்டு மாதம் அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடியதுதான் மிச்சம், சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. முடிவில் ஒன்றுமில்லை. பேக்கேஜுக்குக் கொடுத்த காசு அதில் சின்னக் கணக்கு.

நானே திரும்ப எடுப்பது? இந்த ஊரில் தனியார் லாப்புக்குள் நடந்து போய் டொக்டர் துண்டு இல்லாமலே இன்ன டெஸ்ட் வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் குத்துவார்கள். அந்தச் சுதந்திரம் நல்லதுதான், அவசரம்தான் கெடுக்கிறது. நாளைக்கே எடுத்தால் நேற்றைய காரணம் இன்னும் உடம்பில் இருக்கும். நான் முதல் தரம் இரத்தம் கொடுத்ததற்கு முந்தின கிழமை தடிமன் காய்ச்சல். மூன்று நாள் பனடோல் போட்டிருந்தேன். முந்தின இரவு பத்து மணி தாண்டிக் கொத்து ரொட்டி. காலை ஏழரைக்கு ஊசி. 'வெறும் வயிறு' என்று துண்டில் எழுதியிருந்தது, எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. குறைந்தது எட்டு மணி நேரம், கொழுப்புக்கும் சேர்த்து எடுப்பதானால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். பிளேன்டீ கூடாது, சீனி போடாவிட்டாலும்.

உடம்புக் காய்ச்சலும் சீனியைக் கொஞ்சம் தூக்கும். எஸ்.ஜி.பி.டி. பனடோலுக்கும் ஏறலாம், புதிதாக ஜிம்முக்குப் போய்ப் பாரம் தூக்கினாலும் ஏறலாம்; அந்த நொதியம் ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தண்ணீர் குடிக்காமல் போனாலோ முதல் நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டாலோ கூடும். பொட்டாசியம், குழாயில் இரத்தம் உடைந்தால் கூடும். நரம்பு தெரியவில்லை என்று கையைத் திரும்பத் திரும்பப் பொத்தி விரித்தாலும் கூடும். தைரொய்டைத் தூண்டும் ஹோமோனான டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து பகலில் இறங்கும். தலைமயிருக்கு என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்களுக்குச் சில இயந்திரங்களில் தைரொய்ட் முடிவே பிசகி வரும். அதனால் திரும்ப எடுப்பது நல்ல வழிதான், ஆனால் எண்ணுக்கு எண் இடைவெளி வேறு. சீனிக்கு ஒன்றிரண்டு கிழமை போதும். ஈரல் எண்ணுக்கு ஒன்று முதல் மூன்று மாதம். டி.எஸ்.எச்.சுக்கு இரண்டு, மூன்று மாதம். அதே லாப்பில், அதே நேரத்தில், தடிமன் இல்லாத கிழமையில். வேறு லாப்புக்குப் போனால் வேறு இயந்திரம், வேறு எல்லை. கிடைப்பது இன்னொரு எண்தான், பதில் இல்லை.

மச்சாள் சொன்ன சனல் வழியை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அவளுக்கே போன வருடம் டி.எஸ்.எச். 5.8 வந்தது. எல்லை நாலரைக்குக் கிட்ட. பயந்துபோய் நல்ல பெயருள்ள ஹோமோன் டொக்டரைச் சனல் பண்ணினாள். இலக்கம் 31. இரவு பத்தரைக்கு உள்ளே போனாள், பதினொன்றாக இருபது நிமிடம் இருக்க வெளியே வந்தாள். டொக்டர் சொன்னது: தைரொய்ட் ஹோமோன் எஃப்.டி.4 சரியாக இருக்கிறது, அறிகுறி இல்லை, பிள்ளைக்கு இப்போது திட்டமில்லை என்கிறீர்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கோ. மூன்று மாதம் கழித்து 3.9. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லேசாக ஏறிய டி.எஸ்.எச். பலருக்குத் தானாக இறங்கிவிடுவது தெரிந்த விடயம். 10ஐத் தாண்டினால்தான் பொதுவாகக் குளிசையைப் பற்றிப் பேச்சு வரும். கர்ப்பிணி என்றாலோ கர்ப்பத்துக்கு முயல்கிறார் என்றாலோ கணக்கு வேறு, அங்கே காத்திருக்கக் கூடாது. ஆனால் 'மூன்று மாதம் கழித்து' என்ற மூன்று சொல்லுக்கு அவ்வளவு காசும் அரை இரவும் தேவையா என்று மச்சாளிடம் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும், அதனால் கேட்பதில்லை.

என் நிலைமையில் சனலுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்று எண்ணுக்கு யாரைச் சனல் பண்ணுவது? சீனிக்கு ஒருவர், ஈரலுக்கு ஒருவர், ஈசினோஃபிலுக்கு ஒருவரா? ஒவ்வொருவரும் தன் எண்ணை மட்டும் பார்ப்பார், தன் பங்குக்கு நாலு டெஸ்ட் எழுதுவார். பிரச்சினை இன்னது என்று தெரிந்த பிறகு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு நிகர் இல்லை. பிரச்சினை இருக்கிறதா என்றே தெரியாத இடத்தில் அவர் மூன்றாவது படி.

சகலனின் வழி, அதாவது விட்டுவிடுவது, சில எண்ணுக்கு உண்மையிலேயே பொருந்தும். என் ஈசினோஃபில் ஒன்று. யூரிக் அமிலம் 7.2, மூட்டு வலி ஒரு நாளும் வந்ததில்லை என்றால் குளிசை தேவையில்லை. உடம்பில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும்: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி வரை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்று பழைய டொக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அறுபது வயது அம்மாவுக்கு ஈ.எஸ்.ஆர். 32 தடித்திருந்தால் அந்தக் கணக்கில் அது எல்லைக்குள்தான்.

ஆனால் 'லேசாகத்தான்' என்று விடக்கூடாத எண்களும் இருக்கின்றன. கொழும்பில் இருந்துகொண்டு பிளேட்லெட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். காய்ச்சல் இல்லாத ஆளுக்கு, வருடப் பரிசோதனையில் பிளேட்லெட் 1,40,000 என்றால் பெரிய விடயமில்லை. சில சமயம் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்துக்கு அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டி, இயந்திரம் குறைத்து எண்ணும். சிலைட்டில் பார்த்தால் சரியாக இருக்கும். அதே 1,40,000 காய்ச்சல் மூன்றாம் நாளில் என்றால், முந்திய நாள் 2,10,000 இருந்தது என்றால், அது இறங்கிக்கொண்டிருக்கும் எண். டெங்கு என்று வைத்துத்தான் நடக்க வேண்டும். அன்றே டொக்டர், மறுநாள் திரும்ப எஃப்.பி.சி. என்ற முழு இரத்த அணுக் கணக்கு. பிளேட்லெட் இறங்க இறங்க இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கான பி.சி.வி. ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள், குருதிக் குழாயிலிருந்து நீர் கசிவதை அதுதான் காட்டும். 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவான வருடத்தை இந்த ஊரில் மறந்தவர் இருக்க மாட்டார்.

இரண்டாவது, ஹீமோகுளோபின். இதில் திரும்ப எடுத்துப் பார்ப்பது நேரவிரயம், காரணம் தேடுவதுதான் வேலை. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 11.5 என்றால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு; உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் தெரிந்துவிடும், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தையும் தள்ளி வைக்க வேண்டும். செவ்வணுவின் பருமனான எம்.சி.வி. நிறையக் குறைந்து, செவ்வணு எண்ணிக்கை மட்டும் கூடி நின்றால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாக் கீற்றாக இருக்கலாம், அதற்கு இரும்புக் குளிசை உதவாது. ஆனால் ஐம்பத்தைந்து வயது ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ 11.8 வந்தால், இரும்பும் குறைந்திருந்தால், குடலில் எங்கேயாவது சொட்டுச் சொட்டாக இரத்தம் போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இங்கே 'லேசான குறைவு' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றும். மூன்றாவது பொட்டாசியம் 6ஐ நெருங்கினால் அன்றைக்கே திரும்ப. நாலாவது, போன வருடம் 0.9 ஆக இருந்த கிரியாட்டினின் இந்த வருடம் 1.3. எல்லையை மயிரிழையில்தான் தாண்டியிருக்கும், ஆனால் அந்த ஆளுக்கு அது பெரிய பாய்ச்சல்.

அரசாங்க வழியைப் பற்றி ஆட்கள் ஒரே வரியில், "அங்க போனா ஒரு நாள் போயிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலையிலோ வெளிநோயாளர் பிரிவில் 108 சீனியைக் காட்டக் காலை ஏழு மணிக்கு நிற்பது உண்மையில் பொருத்தமில்லாத வேலைதான், அந்த இடம் வருத்தக்காரருக்கு. ஆனால் 2011இலிருந்து சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இதற்கென்றே இருக்கின்றன. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் சும்மா போகலாம். எடை, இடுப்பளவு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து, வயதையும் சிகரெட்டையும் சேர்த்து, பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை ஒரு வண்ண அட்டவணையில் வைத்துச் சொல்கிறார்கள். தனி எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது இதுதான். கொலஸ்ட்ரோல் 215 வந்தவருக்கு இதைவிடத் திறமான இடம் நான் அறியேன். முதலாவது குறை நேரம், வேலை நாளில் காலையில் போக வேண்டும். இரண்டாவது மொழி. விளக்கம் சிங்களத்தில் வேகமாக வரும், பேச்சுச் சிங்களம் தெரிந்தவர்களுக்கே 'நிராஹாரவ' (வெறும் வயிற்றோடு) கொஞ்சம் தடுக்கும். என் மாமி போன்றவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் கடைசியில் போனது, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் பின்னேரம் ஐந்து மணிக்குத் திறக்கும் டிஸ்பென்சரிக்கு. எழுபதைத் தாண்டிய டொக்டர். ஃபோனை நீட்டினேன். பார்க்கவில்லை.

"தம்பி, பழைய ரிப்போர்ட் இருக்கே?"

இல்லை என்றேன். "இருக்கும், வீட்டில தேடுங்கோ. நாளைக்கு வாங்கோ."

மாமி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புடவைக்கடைப் பையை இழுத்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மாமாவின் கண் ஒப்பரேஷன் கடதாசி, நடுவில் மடிந்து மஞ்சளாகிப்போன என் ரிப்போர்ட்கள். மூன்று வருடத்தினது மட்டும் கிடைத்தது: 2017, 2020, 2023.

டொக்டர் மேசையில் அவற்றை வரிசையாக அடுக்கி, சிவப்புப் பேனையால் இரண்டு வரியில் கோடு கீறினார். சீனி: 89, 95, 101, இப்போது 108. எஸ்.ஜி.பி.டி.: 51, 54, 49, இப்போது 56. ஈசினோஃபிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னும் தும்மல் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"இதில எது ஓடுது, எது நிக்குது, பாருங்கோ."

பார்த்தேன். கணக்குப் பகுதிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர ஆள் வேண்டியிருந்தது என்பது வெட்கம். 2020இல் 95 வந்தபோது தடித்த எழுத்து இல்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஏற்றம் அப்போதே தொடங்கிவிட்டது. தடிமனும் கொத்தும் இந்தமுறை ஒன்றிரண்டைக் கூட்டியிருக்கலாம், மூன்று வருடத்துக்கு ஆறு ஆறாக ஏறியதற்கு அவை பொறுப்பில்லை. கணினி என் எண்ணை ஊரார் எண்ணோடு ஒப்பிட்டது. என் எண்ணை என் எண்ணோடு ஒப்பிட அந்தப் புடவைக்கடைப் பை தேவைப்பட்டது.

அப்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஈரல் எண் எட்டு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறதே, அப்படியென்றால் என் உடம்பு வாகே அதுதானே என்றேன். டொக்டர் பேனையை மூடி வைத்தார். "நிக்குது எண்டா நல்லா இருக்கு எண்டு அர்த்தமில்லை தம்பி. எட்டு வருஷமா அதே அளவு கொழுப்பு ஈரல்ல இருக்குது எண்டும் சொல்லலாம்." சுகமான ஆணின் எஸ்.ஜி.பி.டி. முப்பத்துச் சொச்சத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க ஈரல் டொக்டர்களின் வழிகாட்டி சொல்கிறது என்றும், லாப்கள் போடும் 40, 45 எல்லாம் தாராளமான எல்லை என்றும் சொன்னார். பிறகு என் வயது, இன்னொரு ஈரல் நொதியமான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் இந்த நாலையும் ஃபோன் கணிப்பானில் போட்டார். புதிதாக ஒரு துளி இரத்தம் எடுக்கவில்லை. 0.97 வந்தது. 1.3க்குக் கீழே என்றால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கும் வாய்ப்புக் குறைவாம். எழுதித் தந்தது நாலு டெஸ்டும் ஒரு ஸ்கேனும்: இரண்டு கிழமை கழித்துச் சரியான பட்டினியில் சீனி, அதோடு எச்பிஏ1சி, ஒருமுறை மட்டும் ஹெபடைட்டிஸ் பி, சி, வயிற்று ஸ்கேன். எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் முந்தின இரவுக் கொத்து அதை ஏமாற்ற முடியாது. ஆனால் இரத்தச் சோகையோ தலசீமியாக் கீற்றோ இருப்பவர்களுக்கு அந்த எண் பிசகும், அதனால்தான் அவர் முதலில் என் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டார்.

மாமியின் கொவ்வை இலை? "சாப்பிடுங்கோ, கீரைதானே. கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில தண்ணி ஊத்திக் குடிக்கிறது, பொடி வாங்கிக் கரைச்சுக் குடிக்கிறது எல்லாம் அடுத்த டெஸ்ட் முடியட்டும்" என்றார். காரணம் நேரானது. இடையில் ஏதாவது குடித்துச் சீனி இறங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாமல் போகும். இரண்டாவது, என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளுக்கே ஈரல் எண் ஏறுவதுண்டு, அதைப் போய் ஏற்கெனவே ஏறிய ஈரலுக்கு மேல் ஊற்ற வேண்டுமா?

இரண்டு கிழமை கழித்துச் சீனி 104. எச்பிஏ1சி 5.9. ஹெபடைட்டிஸ் இல்லை. ஸ்கேனில் ஈரலில் லேசான கொழுப்பு. குளிசை ஒன்றும் தரவில்லை. எங்கள் ஆட்களுக்கு மெலிந்த உடம்பிலேயே சீனி வரும், உடற்பருமன் சுட்டி 23ஐத் தாண்டினாலே கணக்கெடுக்க வேண்டும், ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர்தான் எல்லை என்று சொல்லி நாடாவால் அளந்தார். 97. அமெரிக்காவில் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களைச் சேர்த்து நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில், கிழமைக்கு 150 நிமிட நடையும் ஏழு வீதம் எடைக் குறைப்பும் இலக்காக வைத்துப் பின்பற்றியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது, மெட்ஃபோமின் குளிசை எடுத்தவர்களுக்கு 31 வீதம். "குளிசையை விட நடை நல்லா வேலை செஞ்சிருக்கு. மெரின் டிரைவ் பக்கத்தில இருக்கு, காசும் இல்லை" என்றார். காசில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார்.

செலவுக் கணக்குப் பார்ப்பது என் பழக்கம். டிஸ்பென்சரி டொக்டருக்கு இரண்டு வருகைக் கட்டணம், நாலு டெஸ்ட், ஒரு ஸ்கேன். பேக்கேஜைவிடக் குறைவு, மூன்று சனலை விட மிகக் குறைவு. வசதிக் குறைவும் இருந்தது: அவருக்கு உதவியாளர் கிடையாது, இலக்கம் கிடையாது, மழை பெய்தால் ஒழுங்கையில் கணுக்கால் வரை தண்ணீர், அவர் வருவதும் நிச்சயமில்லை. இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாதவர்கள் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போவது அடுத்த நல்ல வழி என்பேன். சனல் அதற்குப் பிறகு.

சகலனிடம் அவருடைய பழைய ரிப்போர்ட்களைக் கேட்டிருக்கிறேன். "எல்லாம் 110தான்" என்கிறார், கடதாசி ஒன்றும் இல்லை. மாமி என் புதிய ரிப்போர்ட்டை அச்செடுத்துத் தரச் சொல்லி அதே பையில் போட்டார். போடும் முன் வாங்கி, முதல் எடுத்த தாளின் பின்பக்கத்தில் பேனையால் எழுதினேன்: தடிமன், பனடோல் மூன்று நாள், இரவு பத்தேகால் கொத்து.